நான்காவது மாதத்துச் சோர்வு

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டிஎன்பிஎஸ்சி) குரூப் 4 தேர்வு அறிவிப்பு வெளியாகும் வாரத்தில் எந்த மாவட்டத் தலைநகரிலும் ஜெராக்ஸ் கடைப் பக்கம் போனால் தெரியும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான பள்ளிப் பாடநூல்கள் மேசையில் அடுக்கிக் கிடக்கும். பழைய வினாத்தாள்களை ஸ்பைரல் போட்டு வாங்கிப் போக வரிசை நிற்கும். வீட்டுச் சுவரில் நாலு நிற ஸ்கெட்ச் பேனாவில் கால அட்டவணை ஏறும்: காலை நாலரைக்கு எழுவது, ஐந்து முதல் ஏழு வரை பொதுத்தமிழ், குளியல், பிறகு கணக்கு, மதியம் இந்திய அரசியலமைப்பு, ராத்திரி திருப்புதல். அந்த வாரத்தில் யாருக்கும் ஊக்கத்துக்குப் பஞ்சமில்லை. யார் தட்டி எழுப்பவும் வேண்டியதில்லை. சிக்கல் நாலாவது மாதத்தில் வருகிறது. பாளையக்காரர் புரட்சிப் பாடத்தில் ஓடிக்கொண்டிருந்த அடிக்கோடு பாதிப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. நாலரை ஆறாகிறது, ஆறு எட்டாகிறது. அட்டவணை மட்டும் சுவரிலேயே இருக்கிறது, மின்விசிறிக் காற்றில் ஒரு மூலை பெயர்ந்து படபடத்தபடி.

2022 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அறிவிக்கப்பட்டிருந்த இடங்கள் 7,301. தேர்வறைக்கு வந்தவர்கள் 18 லட்சத்துக்குச் சற்று மேல். கட்டணம் கட்டி, புகைப்படம் ஏற்றி, ஹால் டிக்கெட் வரைக்கும் வந்த பிறகு மூன்றரை லட்சம் பேர் போல அன்று காலை வரவே இல்லை. அத்தனை பேரும் சோர்ந்து விட்டவர்கள் என்று சொல்ல முடியாது. வேலை கிடைத்திருக்கலாம், உடம்பு சரியில்லாமல் போயிருக்கலாம், சும்மா போட்டு வைப்போம் என்று விண்ணப்பித்தவர்களும் உண்டு. ஆனாலும் ஒரு குறிக்கோளைத் தொடங்குவதற்கும் அதோடு இருப்பதற்கும் நடுவிலுள்ள தூரம் எவ்வளவு என்று காட்ட இதைவிடப் பெரிய கணக்கு நம் ஊரில் கிடைக்காது. எழுதியவர்களுக்கும் முடிவு தெரிய 2023 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படித்த மாதங்களோடு அந்த எட்டு மாதத்தையும் சேர்த்தால், ஒரு குறிக்கோள் மனிதரிடம் எவ்வளவு நீண்ட பொறுமையைக் கேட்கிறது என்பது புரியும்.

இந்த இடைவெளியில்தான் ஊக்க வியாபாரம் கடை விரிக்கிறது. பின்னணியில் முரசு கொட்ட, யாரோ ஒருவர் மலை உச்சியில் கைகளை விரித்து நிற்கிற வீடியோக்கள். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேரை எழுந்து நிற்க வைத்து ‘என்னால் முடியும்’ என்று கத்தச் சொல்கிற பயிலரங்குகள். இவற்றில் மோசடி இருப்பதாக நான் சொல்லவில்லை. இவை விற்கும் சரக்கு முதல் வாரத்துச் சரக்கு என்பதுதான் என் வாதம். அந்தச் சூடு ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது, இலவசமாகவே இருக்கிறது. நாலாவது மாதத்தில் ஒருவரை நாற்காலியில் உட்கார வைப்பது வேறு சில சங்கதிகள்: எந்த இடம், எந்த வேளை, எவ்வளவு அளவு, பக்கத்தில் யார். இவை சரியாக அமைந்துவிட்டால் வேலை நடக்கும். வேலை நடந்தால் ஊக்கம் பின்னாலேயே வந்து சேரும். நாம் வண்டியை நிறுத்திவிட்டு மாட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

நடுவில் தளர்வது சோம்பேறிகளின் குணம் என்ற எண்ணத்தை முதலில் கழற்றி வைக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் கிளார்க் ஹல் 1932இலேயே இதன் ஒரு பாதியைக் கவனித்தார். ஓடுபாதையின் முடிவில் உணவு வைத்துவிட்டால், எலி அதை நெருங்க நெருங்க வேகமெடுக்கிறது. மனிதரும் அப்படித்தான். பத்துக் காப்பி குடித்தால் ஒன்று இலவசம் என்ற அட்டையைக் கையில் வைத்திருப்பவர்கள் கடைசிச் சில முத்திரைகளை வாங்கக் கடைக்கு அடிக்கடி வருகிறார்கள் என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2011இல் வந்த இன்னொன்று மற்றப் பாதியை எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் ‘எவ்வளவு தூரம் வந்துவிட்டேன்’ என்று பார்க்கிறோம். முடிவில் ‘இன்னும் எவ்வளவுதான் பாக்கி’ என்று பார்க்கிறோம். நடுவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரம் தூரமாகவே தெரிகிறது, எடுத்து வைக்கிற ஓர் அடி இரண்டு கணக்கிலும் ஒன்றுமில்லாததாகி விடுகிறது. ஆக, நடுவழிச் சோர்வு பாதையின் வடிவத்திலேயே இருக்கிறது. நடக்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பாதையை வெட்டிச் சின்னதாக்க வேண்டும். ஓராண்டுத் தயாரிப்பில் நடுப்பகுதி ஏழெட்டு மாதம். பத்து நாளில் முடிகிற ஒரு பகுதிக்கு நடுப்பகுதி நாலைந்து நாள்தான். பயிற்சி மையங்களின் ‘டெஸ்ட் பேட்ச்’ முறை வெற்றி பெறுவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். பாடம் நடத்துவதைவிட, வாராவாரம் ஒரு முடிவுக்கோட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பதுதான் அங்கே விற்பனையாகும் பொருள்.

கார் கழுவும் நிலையம் ஒன்றில் நடந்த சோதனை இதை இன்னும் வேடிக்கையாகக் காட்டுகிறது. 300 வாடிக்கையாளர்களுக்கு அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு முத்திரைக்கு ஒரு முறை இலவசம். மீதிப் பேருக்குப் பத்து முத்திரை தேவை, ஆனால் இரண்டு ஏற்கெனவே குத்தப்பட்டிருக்கும். இரு தரப்பும் எட்டு முறை வர வேண்டும், கணக்கு ஒன்றே. முதல் தரப்பில் 19 சதவீதம் பேர் அட்டையை நிரப்பினார்கள், இரண்டாம் தரப்பில் 34 சதவீதம். 2006இல் வெளியான முடிவு இது. தேர்வுக்குப் படிக்கிற ஒருவர் இதைத் தனக்குத்தானே செய்துகொள்ள முடியும். பத்தாம் வகுப்பில் ஏற்கெனவே படித்த பாடங்களைப் பட்டியலில் முதலில் போட்டு டிக் அடித்து வைப்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். மனம் அந்த மாதிரிச் சிறுபிள்ளைத்தனத்துக்கு மசிகிறது என்பதுதான் விஷயம்.

கனவு காணச் சொல்கிறார்களே, அது உதவாதா? எந்தக் கனவு என்பதைப் பொறுத்தது. கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991இல் உடல் எடை குறைக்கும் திட்டமொன்றில் சேர்ந்த 25 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். ‘என்னால் குறைக்க முடியும்’ என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே குறைத்தார்கள். ஆனால் மெலிந்த பிறகு தோழிகள் எப்படி வியப்பார்கள், எப்படி நடந்து போவேன் என்று இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். நம்பிக்கை வேறு, நனவுக் கனவு வேறு. நனவுக் கனவில் பலன் கைக்கு வந்துவிட்டது. மனம் ஓரளவு நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுந்து உழைக்க என்ன அவசரம்? பீட்டர் கோல்விட்சர் 2009இல் சட்ட மாணவர்களை வைத்துச் செய்த சோதனைகளில் இதன் தங்கச்சியைப் பார்த்தார். தன் நோக்கத்தை இன்னொருவர் படித்துத் தெரிந்துகொண்டார் என்று அறிந்த மாணவர்கள், யாருக்கும் தெரியாது என்று நினைத்தவர்களைவிட, கொடுத்த வேலையில் குறைவாக உழைத்தார்கள். வாட்ஸ்அப்பில் பெயருக்குக் கீழே ‘ஐஏஎஸ் ஆஸ்பிரன்ட்’ என்று போட்டுக்கொள்வதில் கொஞ்சம் ஆபத்து இருக்கிறது. சிவப்பு விளக்கு வைத்த காரின் சுகத்தில் கால்வாசியை அந்த ஒரு வரியே கொடுத்துவிடும். (அந்த விளக்கையே 2017இல் எடுத்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.)

அப்படியானால் உதவுவது எது? அலுப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமான ஒன்று. ‘தினமும் ஆறு மணி நேரம் படிப்பேன்’ என்பது ஆசை. ‘ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, விகிதமும் விகிதாசாரமும் பகுதியில் பத்துக் கணக்கு போடுவேன்’ என்பது ஏற்பாடு. இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பதைக் கோல்விட்சர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இந்த முடிச்சு போட்டவர்கள் வெறும் எண்ணத்தோடு நின்றவர்களைவிடத் தெளிவாக முன்னே இருந்தார்கள். காரணம் எளிது. நாலாவது மாதத்தில் ஒருவரைக் களைப்பாக்குவது படிப்பு மட்டும் இல்லை. இப்போது உட்காரலாமா, டீ குடித்துவிட்டு உட்காரலாமா, தமிழா கணக்கா, மொட்டை மாடியா உள்ளறையா என்று நாள் முழுக்கத் தன்னோடு நடத்தும் பேரம் அதைவிடக் களைப்பு. தட்டு கழுவி முடிந்தது, மேசைக்குப் போகிறோம் என்றாகிவிட்டால் பேரத்துக்கு இடமில்லை.

இருபத்தோரு நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். இதன் வேர், 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. மாறிய முகத்துக்கு நோயாளி பழக மூன்று வாரமாவது ஆகிறது என்று அவர் கவனித்ததை ஊர் பிடித்துக்கொண்டு விதியாக்கிவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்து உண்மையிலேயே எண்ணிப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். சராசரி 66 நாள். ஆனால் சராசரியைவிட வீச்சு முக்கியம்: மிகக் குறைவு 18 நாள், மிக அதிகம் 254 நாள் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிக்கும் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி நாளெடுத்தது. அதே ஆய்வில் எனக்கு அதைவிடப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப் போனதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் போனதும், ‘எல்லாம் போச்சு, அடுத்த மாதம் ஒண்ணாம் தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். போனது இரண்டு நாள். ஒண்ணாம் தேதி வரை காத்திருப்பதில் போவது இரண்டு வாரம்.

இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். நூலகத்தின் ஒரு புத்தகத்தைக்கூடத் தொடாமல் நாள் முழுக்க அங்கே இருக்கிறவர்கள் உண்டு. ஒரு மேசையைக் கிட்டப் போய்ப் பார்த்தால்: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அட்டை கிழிந்து செல்லோடேப் ஒட்டிய சமச்சீர்ப் புத்தகம், கவிழ்த்து வைத்த செல்போன், கணக்குப் போட்டு நிரம்பிய நோட்டீஸின் பின்பக்கம். பக்கத்து நாற்காலிக்காரர் பெயர்கூடத் தெரியாது. ஆனால் அவர் பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்போது போனை நிமிர்த்தக் கை கூசும். வீட்டில் இல்லாத என்ன அங்கே இருக்கிறது? புத்தகம் ஒன்றுதான், மூளையும் ஒன்றுதான். அங்கே படிப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய வசதியில்லை. அதுதான் அந்த இடத்தின் வசதி. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களின் பலமும் இதுவே. இலவச வகுப்பு என்பதோடு, நாளைக்கு வராவிட்டால் ‘ஏன் வரல?’ என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

இதெல்லாம் நேற்று மேற்கிலிருந்து வந்த அறிவு என்று நினைக்க வேண்டாம். திருக்குறளில் ஊக்கமுடைமைக்கு அறுபதாவது அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர், காரியம் செய்யும் முறையைச் சொல்ல வினைசெயல்வகை என்று இன்னோர் அதிகாரம் வைத்தார், 68ஆவது. அங்கே, இறங்குவதற்குமுன் ஐயமற எண்ணிப் பார்க்க வேண்டியவை என்று ஐந்தைச் சொல்கிறார்: கையிலிருக்கும் பணம், சாதனம், வேளை, வேலையின் தன்மை, இடம். ஆர்வம் அந்த ஐந்தில் இல்லை. ஊக்கத்தைப் போற்றி ஒரு முழு அதிகாரம் பாடியவர், ஏற்பாட்டைப் பேசும்போது அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை.

நீண்ட குறிக்கோளுக்கு நம் மொழியில் எல்லோரும் காட்டும் மனிதர் உ.வே.சாமிநாதையர். ‘தமிழ்மேல் அவருக்கிருந்த தணியாத தாகம்’ என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுவது வழக்கம். தாகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை, கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும்வரை அந்தத் தாகம் சீவகசிந்தாமணிப் பக்கம் திரும்பவே இல்லை. அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமும் படித்ததாகச் சொன்னவரிடம், பழைய நூல் ஏதாவது படித்ததுண்டா என்று முதலியார் விடாமல் கேட்டார். பிறகு சிந்தாமணியைத் தனக்குப் பாடம் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். கல்லூரியில் நாள் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு வரும் ஆசிரியருக்கு, வெளியே ஒருவர் காத்திருக்கிறார், அவர் வீட்டுக்குப் போய் அடுத்த பகுதியைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. நூலில் விளங்காத சமணச் செய்திகளுக்கு ஊரிலேயே வாழ்ந்த சைனர்களைத் தேடிப் போனார். அவர்கள் வீட்டில் அந்தக் காவியம் அன்றாட வாசிப்பில் இருந்ததைக் கண்டார். பிறகு அதைப் பதிப்பிக்க முடிவெடுத்து, அச்சுக்குப் பணம் சேர்க்கப் பலரிடம் கையொப்பம் வாங்கினார். கையொப்பம் என்றால் புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்ற வாக்கு. அதை வாங்கிய பிறகு பின்வாங்க முடியாது. சி.வை.தாமோதரம் பிள்ளை தாமே பதிப்பிக்கிறேன், ஏட்டைக் கொடுங்கள் என்று கேட்டபோது கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை. 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. ஏழு ஆண்டு.

அந்த ஏழாண்டைத் தாங்கியது நெஞ்சிலிருந்த கனல் மட்டும் என்றால் நமக்கு அதில் கற்க ஒன்றுமில்லை, வணங்கிவிட்டுப் போகலாம். காத்திருந்த ஒரு மாணவர், விளக்கம் சொன்ன அக்கம்பக்கத்தார், கையொப்பமிட்ட புரவலர்கள், போட்டிக்கு நின்ற ஒருவர் என்று பார்த்தால், அந்த ஏற்பாட்டில் பாதியை யாரும் தன் அளவுக்குச் செய்துகொள்ளலாம். கையொப்பத்தின் வேலை இன்றைக்கும் செல்லுபடியாகிறது என்பதற்குப் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் ஒரு சான்று கிடைத்தது. அங்கே ஒரு வங்கி, தாமே குறித்த தேதியோ தொகையோ வரும்வரை தம் பணத்தைத் தாமே எடுக்க முடியாத சேமிப்புக் கணக்கை அறிமுகப்படுத்தியது. கூடுதல் வட்டி எதுவும் கிடையாது. ஆனாலும் கேட்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேர் விரும்பிச் சேர்ந்தார்கள். இந்தக் கணக்கு வழங்கப்பட்ட குழுவின் சேமிப்பு ஓராண்டில், வழங்கப்படாத குழுவோடு ஒப்பிடுகையில், 80 சதவீதத்துக்கும் மேல் கூடியது என்று 2006இல் வந்த ஆய்வு சொல்கிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த ஆய்வே தேவையில்லை. சீட்டுக் கட்டுவது வேறென்ன?

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: மன உறுதி என்று ஒன்று இல்லையா? எந்த ஏற்பாடும் இல்லாமல் தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் மன உறுதி பற்றி நாம் நம்பியிருந்த பல கதைகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டில் மெலிந்துவிட்டன. மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் சிறந்து விளங்கினார்கள் என்ற வால்டர் மிஷலின் புகழ்பெற்ற சோதனையை, 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவைக் கொண்டு மறுபடி பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். தொடர்பு சிறிதாக இருந்தது; குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்ததும் பெரும்பாலும் கரைந்துவிட்டது. மன உறுதி தசை மாதிரி, பயன்படுத்தினால் களைத்துவிடும் என்ற கொள்கையை 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது, அந்த விளைவு ஏறக்குறைய இல்லை என்றே வந்தது. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரில் 205 பேரிடம் செய்த ஆய்வு. நாளில் பல முறை அவர்களை அழைத்து, இப்போது என்ன ஆசை வந்தது, அதோடு போராடுகிறீர்களா என்று கேட்டுக் குறித்தார்கள். தன்கட்டுப்பாடு அதிகமுள்ளவர்கள் ஆசைகளோடு அதிகம் மல்லுக்கட்டுவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவர்களுக்கு மல்லுக்கட்டு குறைவாகவே நேர்ந்தது. சபலம் எதிரே வந்து நிற்காத வகையில் அவர்களுடைய நாள் அமைந்திருந்தது. தெருவிளக்கில் படித்தவரின் கதையையும் இப்படிப் பார்க்கலாம். தெருவிளக்கடியில் படிப்பதைத் தவிர செய்ய என்ன இருந்தது?

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. வெளியிலிருந்து வரும் கட்டாயங்கள் உள்ளார்வத்தைக் கொன்றுவிடாதா? 1973இல் மார்க் லெப்பரும் சகாக்களும் மழலையர் பள்ளியில், தாமாகவே வரைந்து மகிழ்ந்துகொண்டிருந்த குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி அப்படியே தந்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், சான்றிதழ் எதிர்பார்த்து வரைந்த குழந்தைகளுக்கு வரைவதில் இருந்த ஆர்வம் குறைந்திருந்தது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன், ஏற்று ஒரு வேறுபாட்டைச் சுட்டுகிறேன். கெட்டுப் போனது பரிசால். வரைய மேசையும் வண்ணப் பேனாவும் வைத்துக் கொடுத்ததால் கெட்டுப் போகவில்லை. ‘இந்த வாரம் நாற்பது மணி நேரம் படித்தால் எனக்கு நானே பிரியாணி’ என்பது பரிசு. சாயங்காலம் ஐந்து மணிக்கு நூலகத்தில் தோழியோடு உட்காருவது மேசை. முதலாவதில் எனக்கும் நம்பிக்கை குறைவு. அதோடு, ஒரு விஷயம் பிடித்த பிறகுதான் அதில் இறங்க வேண்டும் என்பதே தலைகீழ் வரிசை. இந்திய அரசியலமைப்பின் அட்டவணைகளைக் கண்டதும் காதலித்தவர் எவருமில்லை. பத்துக் கேள்வியில் ஏழு சரியாக வர ஆரம்பித்த பிறகு அதே அட்டவணை கொஞ்சம் சுவைக்கிறது.

மூன்றாவது மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இடமும் வேளையும் அமைத்துக்கொள்வது வசதியுள்ளவருக்குத்தானே ஆகும்? ஆம். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் செய்து 2013இல் வெளியான ஆய்வு இதை நம் வாசலிலேயே வைத்துக் காட்டியது. வெட்டுக்கு முன் கையில் காசில்லாத மாதங்களில் ஒரு முறை, வெட்டி முடித்துப் பணம் வந்த பிறகு ஒரு முறை, அதே ஆட்களுக்கு அதே மாதிரிச் சிந்தனைப் புதிர்களைக் கொடுத்தார்கள். காசில்லாத காலத்தில் அவர்களுடைய திறன் குறைந்திருந்தது. ஆள் மாறவில்லை, தலைக்குள் கடன் உட்கார்ந்திருந்தது. இந்த ஆய்வின் புள்ளியியலை விமர்சித்தவர்களும் உண்டு, இருந்தாலும் வட்டி கட்டத் தேதி நெருங்குகிற வீட்டில் உட்கார்ந்து படித்த எவருக்கும் அது சொல்வது புரியும். பெண்களுக்கு இன்னொரு சுமை. தம்பி படிக்கிறான் என்றால் டிவி சத்தம் குறையும். அக்கா படிக்கிறாள் என்றால் ‘அந்தப் பால் பொங்குதா பாரு’ என்று குரல் வரும். ஆறு மணிக்கு மேல் நூலகத்தில் இருக்க அனுமதி கிடைப்பது எத்தனை பேருக்கு? ஆகவே ‘உனக்கு ஊக்கம் போதவில்லை’ என்று ஒருவரைப் பார்த்துச் சொல்வது பல நேரம் அநியாயம். மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது மாதிரி ஒவ்வொரு வட்டத்துக்கும் விளக்கும் விசிறியும் கழிப்பறையும் உள்ள, இரவு ஒன்பது வரை திறந்திருக்கிற ஒரு கூடம் கிடைத்தால், ஆயிரம் ஊக்க உரைகள் செய்யாததை அது செய்யும். இது தனிமனிதக் குறிக்கோள்களைப் பற்றிய கட்டுரைதான். ஆனால் தனிமனிதக் குறிக்கோளுக்கும் நாற்காலியை ஊர் போட வேண்டியிருக்கிறது.

எல்லாம் அமைந்து, சோர்வையும் தாண்டி, ஒருவர் விடாமல் படிக்கிறார். அது நல்லதுதானா? இந்தக் கேள்வியை ஊக்கப் பேச்சாளர்கள் எழுப்புவதே இல்லை. விடாமுயற்சி அங்கே கேள்வி கேட்கக்கூடாத தெய்வம். 2001 முதல் 2006 வரை தமிழ்நாடு அரசு பெரும்பாலான பணிகளுக்கு ஆளெடுப்பதை நிறுத்தி வைத்திருந்தது. பொருளாதார ஆய்வாளர் குணால் மங்கள் அந்தக் காலத்தில் பட்டம் பெற்ற ஆண்களைப் பற்றி ஆராய்ந்தார். இடமே இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள் என்றுதான் யாரும் ஊகிப்பார்கள். நடந்தது வேறு. வேலையில்லாமல் காத்திருந்து தயாராகிக்கொண்டிருந்தவர்கள் கூடினார்கள். பல ஆண்டு கழித்தும் அவர்களுடைய வருமானம் பின்தங்கியே இருந்தது. ஊக்கம் குறைந்ததால் வந்த நஷ்டம் இல்லை இது. எதற்கும் அசையாத ஊக்கத்தால் வந்த நஷ்டம்.

நான் ஏற்பாட்டைத் தூக்கிப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உணர்ச்சியை நம்பி ஓடுகிறவருக்கு நிறுத்துவதற்கு வழி தெரியாது. நிறுத்தினால் தன் உறுதி குறைந்துவிட்டது என்றுதான் அவர் தன்னைத்தானே படிப்பார். அந்த வெட்கத்துக்குப் பயந்தே இன்னோர் ஆண்டு, இன்னோர் ஆண்டு என்று போகும். ஏற்பாட்டை நம்பி நடப்பவர், நிறுத்துவதையும் ஏற்பாட்டுக்குள்ளேயே வைக்கலாம்: மூன்று முயற்சி, அல்லது வயது இருபத்தெட்டு, அல்லது மாதிரித் தேர்வில் இவ்வளவுக்கு மேல் வராவிட்டால். தலை தெளிவாக இருக்கும் முதல் வாரத்தில் எழுதி வைக்க வேண்டியது அது. நாலாவது ஆண்டில், முடிவு வெளியான ராத்திரியில் யோசிக்கிற விஷயம் கிடையாது. ‘இப்படி எழுதி வைத்தால் முழு மூச்சாய் இறங்க முடியாதே, தப்பிக்க வழி வைத்துக்கொண்டு போருக்குப் போவது மாதிரி’ என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. முடிவுக்கோடு பக்கத்தில் தெரிந்தால் வேகம் கூடுகிறது என்பதை ஹலின் எலி காட்டிவிட்டது. ஐந்தாவது முயற்சியும் உண்டு என்று நினைப்பவர் இரண்டாவதை எழுதுகிற விதமும், இதுதான் கடைசி என்று தெரிந்தவர் எழுதுகிற விதமும் ஒன்றாக இருக்காது.

டிஎன்பிஎஸ்சி விடைத்தாளில் சில ஆண்டுகளாக ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது. நாலு விடையில் எதுவும் தெரியாவிட்டால் வெறுமனே விட்டுவிடக் கூடாது. ‘விடை தெரியவில்லை’ என்பதற்கான அந்த வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்ப வேண்டும். கேள்விகளில் அந்த நேர்மையைக் கேட்கிற தேர்வு இது. இதை எழுதப் போகிறவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் எழுந்திருக்கும் நேரம் இருக்கிறது, குளிக்கும் நேரம்கூட இருக்கிறது. எந்த ஆண்டோடு நிறுத்துவது என்பதற்கு மட்டும் கட்டம் போடவில்லை.